தேய்ந்த காசா, பிறவியிலேயே மழுங்கிய காசா?

பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த நம்மவர் வீடுகள் பலவற்றில், டிரங்குப் பெட்டியின் அடியிலோ சாமி படத்தின் பின்னாலோ, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நாலைந்து வெள்ளி ரூபாய்கள் இருக்கும். ஊரில் பாட்டி கொடுத்தவை. திருமணத்தில் தாய்மாமன் தாம்பாளத்தில் வைத்தவை. ராணி தலை, ராஜா தலை என்று பெரியவர்கள் அவற்றை அடையாளம் சொல்வார்கள். தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும், பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ கழுத்தை நெரிக்கும்போது அந்த முடிச்சு அவிழ்கிறது.

அவிழ்த்த காசு போகும் இடங்கள் இரண்டு. ஒன்று அடகுக்கடை. அங்கே காசு வெறும் வெள்ளிதான், எடைக்குத்தான் விலை. மற்றொன்று கோட்டைப் பகுதி நடைபாதையிலும் சோர் பஜாரிலும் பழங்காசு வாங்கி விற்பவர்கள். அங்கே காசைப் புரட்டிப் பார்த்ததும் பெரும்பாலும் காதில் விழும் முதற்சொல், "கிஸா ஹுவா ஹை, அண்ணா" என்பதே. தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த ஒரு சொல்லில் விலை பாதியாக இறங்கிவிடுகிறது.

சில வேளைகளில் அது உண்மை. சில வேளைகளில் உண்மை அல்ல. காசில் முகமும் எழுத்தும் மங்கியிருப்பதற்குத் தேய்மானம் ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிடக்கூடாது. அச்சடிக்கும்போதே உருவம் சரியாக விழாமல் போயிருக்கலாம். அச்சு தேய்ந்திருக்கலாம். வீட்டில் துலக்கித் துலக்கி நாமே அழித்திருக்கலாம். காசே போலியாக இருக்கலாம். காரணம் எதுவென்பதைப் பொறுத்தே விலையும் நிற்கிறது. அதைக் கண்டறியப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு விளக்கு, ஒரு நல்ல தராசு, சற்றுப் பொறுமை ஆகியவை போதும்.

காசு பிறக்கும் விதம்

கோட்டையில் ரிசர்வ் வங்கிக்கு எதிரே ஷாகித் பகத்சிங் சாலையில் இருக்கும் நாணயச் சாலையை அங்கே வேலைக்குப் போகும் குமாஸ்தாக்கள் தினமும் கடந்து போகிறார்கள். 1829 முதல் இயங்கிவரும் சாலை அது. நம் வீட்டு வெள்ளி ரூபாய்களில் பாதிக்கு மேல் அங்கே பிறந்தவையாகவும் இருக்கலாம். சென்னையிலும் கம்பெனி காலத்தில் இத்தகைய சாலை ஒன்று இருந்தது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் அதன் நினைவாக நிற்கிறது.

காசு செய்யும் முறை எளிது. உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். அவற்றைச் சூடுபடுத்தி இளக்கி, ஓரத்தில் லேசாக மேடு எழுப்புகிறார்கள். பிறகு இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வில்லையை வைத்து, பெரும் விசையுடன் ஒரே அழுத்து. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் உருவம் விழுந்துவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். ராஜாவின் காதுக்கு மேலுள்ள முடி காசில் மேடான இடமென்றால், அச்சில் அதுவே ஆழமான பள்ளம். உலோகம் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுதான். கொழுக்கட்டை அச்சில் மாவு குறைந்தாலும் அழுத்தம் குறைந்தாலும் அடிமூலையில் உள்ள பூ வேலை சரியாக வராது அல்லவா? வெள்ளிக்கும் அதே கதைதான்.

அதே சமயம், காசு புழக்கத்துக்கு வந்தபிறகு விரலிலும் பையிலும் உரசி முதலில் தேய்வதும் அந்த மேடான இடமே. ஆகவே, அழுத்தம் போதாமல் பிறந்த காசும், நாற்பது வருடம் சந்தையில் புரண்டு தேய்ந்த காசும் ஒரே இடத்தில்தான் மழுங்கி நிற்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாறுவதும், மற்றவரை ஏமாற்ற நினைப்பவர் பிழைப்பதும் இதனால்தான்.

ஒளி சொல்லும் உண்மை

புதிதாக அடித்த காசில், அழுத்தத்தில் உலோகம் ஓடியதால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகள் விழுந்திருக்கும். ஒரே ஒரு விளக்கின் கீழ் காசை ஓரத்தில் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஓர் ஒளிக்கீற்று காசின் மேல் சுழன்று வரும். இந்த இயற்கைப் பளபளப்பு ஒருமுறை போனால் மீண்டும் வராது. எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது.

அந்த ஒளிக்கீற்று மழுங்கிய இடத்தின் மீதும் தடையின்றி ஓடுகிறதா? அப்படியானால் அந்த இடத்தை யாரும் தேய்க்கவில்லை. அங்கே உருவம் விழவே இல்லை. மழுங்கிய இடம் வந்ததும் ஒளி அறுந்து, அங்கே மட்டும் சாம்பல் நிறத்தில் மந்தமாகத் தெரிகிறதா? அது தேய்மானம். தேய்ந்த காசில்கூட எழுத்துகளின் இடுக்கில், விரல் படாத மூலையில், பழைய பளபளப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மேட்டில் இல்லாமல் பள்ளத்தில் மட்டும் ஒளி இருந்தால், தேய்ந்த காசு என்றே கொள்ளலாம்.

அடுத்து, காசைப் புரட்டுங்கள். அழுத்தம் குறைந்த காசில், முன்பக்கம் மழுங்கிய இடத்துக்கு நேர் பின்னால் மறுபக்கத்திலும் பெரும்பாலும் மழுங்கல் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஆழமான பள்ளம் இருந்தால், இரண்டையும் நிரப்ப உலோகம் போதாமல் போகிறது. தேய்மானத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது எங்கெங்கு மேடு உண்டோ அங்கெல்லாம் கை வைக்கும்.

மூன்றாவதாக, விளிம்பைப் பாருங்கள். பல கை மாறிய ரூபாயில் ஓரத்து மேடும் பக்கவாட்டுக் கீற்றுகளும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். முகம் மழுங்கி, விளிம்பு மட்டும் நேற்று அடித்ததுபோல் கூர்மையாக இருந்தால் தேய்மானத்தின் மேல் பழி போட வேண்டாம். மழுங்கிய இடத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், வில்லையில் முன்பே இருந்த சிறு கீறல்களும் புள்ளிகளும் அழுத்தப்படாமல் அப்படியே தங்கியிருப்பதும் தெரியலாம்.

அச்சு தேய்ந்தால்

அச்சும் எஃகுதானே தவிர வஜ்ரம் அல்ல. பல்லாயிரம் காசுகளை அடித்தபின் அதுவும் தேய்கிறது. அத்தகைய அச்சில் பிறந்த காசில் ஓர் இடம் மட்டும் மழுங்கியிராது. எல்லாமே சற்றுக் கலங்கலாக இருக்கும். எழுத்துகள் தடித்து, விளிம்பை நோக்கி இழுபட்டதுபோல் தோன்றும். வெற்றிடம் வழவழப்பாக இராமல் வரிவரியாகத் தெரியும். ஆனால் பளபளப்பு இருக்கும்.

முதல் உலகப் போரின்போது வெள்ளி ரூபாய்க்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. 1918இல் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றி, 25 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கி, அந்த வெள்ளியை இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்றார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டன. அவ்வளவு வேகமாக வேலை நடக்கும்போது எல்லாக் காசும் ஒரே தெளிவுடன் வரவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு வகையும் உண்டு. இயந்திரத்தின் மசகும் தூசியும் அச்சின் சிறு பள்ளத்தில் அடைத்துக்கொண்டால், அந்த ஓர் எழுத்தோ இலக்கமோ புள்ளியோ மட்டும் காசில் விழாது. இதில்தான் வியாபாரத் தந்திரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்பக்கத்தின் அடியில் தாமரைப் பூவை ஒட்டி ஒரு சிறு புள்ளி இருந்தால் அது பம்பாய்ச் சாலையின் அடையாளம். கல்கத்தாவுக்கு அடையாளம் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிந்திய காசுகளில் ஆண்டு எண்ணின் கீழ் வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா. அடையாளம் தேய்ந்தோ அடைபட்டோ போன சாதாரணக் காசைக் காட்டி, "இது அரிய ரகம், அடையாளமே இல்லை" என்று விலை ஏற்றுவோர் உண்டு. அந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

நாமே செய்யும் கேடு

நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது வழக்கம். அதே கையோடு பூஜையில் வைக்கும் வெள்ளி ரூபாயையும் சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்துவிடுகிறோம். சிலர் பற்பசை போடுகிறார்கள். காசு பளிச்சென்று ஆகிறது. ஆனால் அது பிறவிப் பளபளப்பு அல்ல. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நூல் நூலாகக் கீறல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். சேகரிப்பவர் கண்ணுக்கு இது உடனே தெரியும். கறுத்துப்போன ரூபாய்க்கு அவர் கொடுக்கும் விலையைத் துலக்கிய ரூபாய்க்குக் கொடுக்கமாட்டார். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால் இயற்கையாக ஏற்படுவது. அதை அழுக்கென்று எண்ணித் தேய்த்தால் நஷ்டம் நமக்குத்தான்.

காசுமாலையில் கோத்த காசும் இப்படியே. வளையம் பற்றவைத்த இடத்தில், வளையத்தை எடுத்த பிறகும், ஓரத்தில் ஒரு தழும்பு இருக்கும். சூடு பட்ட சுற்றுப்புறத்தில் உருவம் மங்கியிருக்கும். இவற்றுக்கு வெள்ளியின் விலை உண்டு. சேகரிப்பு மதிப்பு மிகக் குறைவு.

உருவமே அப்படி என்றால்

எல்லாக் காசும் ஒரே தெளிவுடன் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ராஜராஜ சோழனின் செப்புக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் அரசன் பெயர். கைகால்கள் கோடுகளாகவும் முகம் புள்ளிகளாகவும்தான் இருக்கும். செதுக்கியவன் அப்படித்தான் செதுக்கினான். கையால் அடித்த காசு ஆகையால், வில்லையைவிட அச்சு பெரிதாக இருந்து எழுத்தில் பாதி வெளியே போயிருக்கவும் கூடும். அது தேய்மானம் அன்று. அந்த மாதிரியையே பின்னர் இலங்கை மன்னர்களும் பின்பற்றிக் காசு அடித்தார்கள்.

இத்தகைய செப்புக் காசுகளை ஒருபோதும் துலக்கக்கூடாது. 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி, "பெருவழுதி" என்ற தமிழ்-பிராமி எழுத்துள்ள பாண்டியர் செப்புக் காசை அறிஞர் உலகத்துக்கு எடுத்துக்காட்டினார். சங்க காலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டதற்கு அது சான்றாயிற்று. அந்தச் சிறு எழுத்துகளை யாரேனும் புளி போட்டுத் தேய்த்திருந்தால் ஒரு சரித்திரமே கழுவப்பட்டுப் போயிருக்கும்.

செதுக்கலால் பெரும் வம்பு விளைந்த ரூபாயும் ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசரின் அங்கியில் தொங்கும் விருது மாலையில் ஒரு யானை உண்டு. துதிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றிபோல் தோன்றிற்று. முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டனர். அந்த ரூபாயின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்று, 1912 முதல் யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். ஆகவே "பன்றி ரூபாய்" என்பதற்கு அடையாளம் 1911 என்ற ஆண்டுதான். பிந்திய ரூபாயில் யானை தேய்ந்து உருவழிந்து நிற்பதைக் காட்டி "இதுதான் அது" என்று சொன்னால் நம்பவேண்டாம்.

அதுபோலவே, பம்பாய்ச் சாலையின் 1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் மிக அரியது. அதனாலேயே அதற்குப் போலிகளும் உண்டு. வேறு ஆண்டு ரூபாயின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றியிருந்தால், அந்த இலக்கத்தைச் சுற்றி மட்டும் சுரண்டிய தடம் தெரியும்.

தராசின் சாட்சி

கண் ஏமாறலாம்; தராசு ஏமாறாது. 1835 முதல் வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்மானம் என்பது உலோகம் குறைவது. ஆகவே தேய்ந்த காசில் எடை குறைந்தே தீரும். அழுத்தம் குறைந்த காசிலோ உலோகம் எங்கும் போகவில்லை. எடை ஏறக்குறைய முழுதாக இருக்கும். 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, எடையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் குறைந்த ரூபாய் அன்று செல்லுபடி ஆகவில்லை. அதாவது 11.43 கிராமுக்குக் கீழே போனால் சர்க்காரே அதைத் தேய்ந்த காசு என்று ஒதுக்கியது. முகம் மழுங்கியிருந்தும் தராசு 11.65 காட்டினால், "கிஸா ஹுவா" என்பவரிடம் அந்த எடையைக் காட்டுங்கள்.

ஆனால் முழு எடை இருந்தும் போலியாக இருக்கலாம். அதற்கு நீர்ச் சோதனை உண்டு. சதம கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு நகைத்தொழில் செய்பவரிடம் இருக்கும். அதன் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எடையைச் சுழி ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீரில் முழுதாக அமிழ்த்துங்கள். காற்றுக் குமிழி ஒட்டக்கூடாது. தராசு காட்டும் எண் காசு விலக்கிய நீரின் எடை. 1939 வரையிலான ரூபாய் நூற்றுக்கு ஏறக்குறைய 91.7 பங்கு வெள்ளி; முழு எடைக் காசு என்றால் சுமார் 1.13 காட்டும். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி. அது சுமார் 1.22 காட்டும். செம்பு கலந்த மட்டமான உலோகமென்றால் 1.3க்கு மேல் போகும். 1947ஆம் ஆண்டு ரூபாய் வெள்ளியே அன்று, நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வார்த்தெடுத்த போலியைக் கண்ணாலும் பிடிக்கலாம். உருவம் சோப்பில் செய்ததுபோல் மொழுக்கென்று இருக்கும். வெற்றிடத்தில் ஊசிமுனைக் குழிகளும் பருக்கள்போன்ற மேடுகளும் காணப்படும். பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு சுற்றி ஓடும், அல்லது அரத்தால் ராவிய தடம் இருக்கும்.

என்ன விலை எதிர்பார்க்கலாம்?

பேராசை வேண்டாம். அழுத்தம் குறைந்த காசு என்று நிரூபித்துவிட்டதால் அது லட்சம் பெறும் என்பதில்லை. முழு உருவம் விழுந்த காசைவிட அதற்கு மதிப்புக் குறைவே. ஆனால் தேய்ந்த காசைவிடக் கூடுதல். கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட ஆண்டுகளின் தேய்ந்த ரூபாய் பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே நிற்கும். அந்த அடிவிலையாவது தெரிந்திருப்பது நல்லது. 1939 வரையிலான முழு எடை ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940க்குப் பிந்தியதில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கும் மிகக் கீழே கேட்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

மறுபக்கம், "உங்கள் பழைய காசுக்கு லட்ச ரூபாய்" என்று தொலைபேசியில் ஆசை காட்டுவோரும் பெருகிவிட்டனர். முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்பார்கள். கட்டியபின் ஆள் இருக்கமாட்டார். தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தி இவ்வாறு மோசடி நடப்பதாகவும், பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பே இல்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசு விற்பவர் பணம் வாங்கவேண்டுமே தவிரக் கட்டவேண்டியதில்லை. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. நூறு ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்பதற்காகவோ அன்பளிப்பாகவோ வளைகுடாவில் இருக்கும் தம்பியிடம் கொடுத்தனுப்பினால் விமான நிலையத்தில் வம்பு வரும். ஊரில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது காசுக்குடம் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும்.

விற்கப் போகுமுன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு, வீட்டிலேயே நான்கு காரியங்களைச் செய்யுங்கள். காசை நிறுங்கள். விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். புரட்டி, மழுங்கிய இடத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். கண்டதை ஒரு தாளில் காசுவாரியாகக் குறித்துக்கொண்டு, ஒரு கடைக்கு மூன்று கடை ஏறி இறங்குங்கள். புளியையும் சாம்பலையும் மட்டும் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.